அத்தியாயம் 7: ஆறாத தோள் நோவும் கை உழைவும் – காரணத்தைக் கண்டறியும் வழி

தோளில் தொடங்கிய நோ ஒரு மாதமாகியும் ஆறவில்லை. பிறகு முழங்கை வரைக்கும், சிலருக்கு விரல் நுனி வரைக்கும் உழைவு இறங்குகிறது. அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. தலை சீவவும், சட்டை போடவும், கொடியில் உடுப்புக் காயப்போடவும் கை உயரவில்லை. பனடோல் போட்டால் சில மணித்தியாலம் குறைகிறது, பிறகு திரும்பி வருகிறது. இந்த நிலையில் இருப்பவர்களுக்கும் அவர்களை வைத்துப் பராமரிப்பவர்களுக்கும் இந்த அத்தியாயம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவம் அதை நாட்பட்ட நோ என்கிறது. வன்னியில், கிளிநொச்சி மாவட்டத்துத் தர்மபுரத்திலும், பரந்தன்–முல்லைத்தீவு வீதியை ஒட்டிய மற்ற ஊர்களிலும் இப்படி ஆண்டுக்கணக்கில் நோவோடு வாழ்பவர்கள் பலர். வயல், தோட்டம், கூலிவேலை என்று கைப்பலத்தில் சீவிக்கும் ஊர்கள் இவை. கை முடங்கினால் வீட்டின் வருமானமும் முடங்கும். ஆனாலும் பலர் "வயசுக் கோளாறு", "வாதம்", "நரம்பு கொழுவிட்டுது" என்று தாங்களே ஒரு பெயரை வைத்துக்கொண்டு எண்ணெய் போட்டு நாளைக் கடத்துகிறார்கள்.

இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றைத்தான். தோள் நோவின் காரணத்தைக் கண்டுபிடிப்பதில் முதல் இடம் நீங்கள் சொல்லும் விவரத்துக்கு உரியது. அடுத்த இடம் வைத்தியர் கையைத் தொட்டு, அசைத்துப் பார்ப்பதற்கு. எக்ஸ்ரேயும் ஸ்கானும் அதற்குப் பிறகுதான். ஆகவே உங்கள் நோவைப் பற்றி ஒழுங்காகச் சொல்லப் பழகுவது, தூரத்து வைத்தியசாலைக்குப் போவதைவிடப் பெரிய உதவி.

முதலில் ஆபத்தை விலக்குங்கள்

சில வகை நோவுக்கு கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது.

உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டியவை:

- திடீரென இடது தோள், கை, தாடை, முதுகின் மேற்பகுதி ஆகியவற்றில் அழுத்தும் நோ. கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், ஓங்காளம். இது மாரடைப்பாக இருக்கலாம். நெஞ்சு நோகாமலும் மாரடைப்பு வரும். பெண்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் இப்படி மறைந்து வருவது அதிகம். வலது கையிலும் வரலாம்.
- ஒரு பக்கக் கை திடீரெனச் செயலிழப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது. இவை பாரிசவாதத்தின் அறிகுறிகள்.
- பிள்ளை தங்கியிருக்கக்கூடிய பெண்ணுக்கு அடிவயிற்று நோவோடு தோள் நுனியிலும் நோவு, தலைச்சுற்று. கருப்பைக்கு வெளியே தங்கிய கரு வெடித்து உள்ளே இரத்தம் கசிந்தால் தோள் நுனி நோகும்.

அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டியவை:

- காய்ச்சலோடு தோள்மூட்டு வீங்கி, சூடாகி, கொஞ்சமும் அசைக்க முடியாமல் இருப்பது. மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம்.
- விழுந்தபின் தோளின் வடிவம் மாறுவது, கை உயராமலே போவது.
- இரண்டு கைகளும் தடுமாறி பொத்தான் போட முடியாமல் போவது, நடை தள்ளாடுவது, சலம் கட்டுப்படாமல் போவது. கழுத்தில் முண்ணாண் நசிபடுவதன் அடையாளம் இது.

ஒரு கிழமைக்குள் காட்ட வேண்டியவை: காரணமில்லாமல் உடம்பு மெலிவது, இரவில் வியர்ப்பது, ஓய்விலும் குறையாமல் இரவில் கூடும் நோ, தோளிலோ அக்குளிலோ கட்டி, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருப்பது. நீண்ட காலம் புகைத்தவருக்குத் தோள் நோவோடு கண் இமையும் தொங்கினால் நுரையீரலின் உச்சியைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். நிதானமாகக் காரணத்தைத் தேடலாம்.

நோ எங்கிருந்து வருகிறது

நோகிற இடத்தில்தான் கோளாறும் இருக்கும் என்றில்லை. தோள் நோவுக்குக் கழுத்து காரணமாகலாம், கை உழைவுக்கு மணிக்கட்டு காரணமாகலாம். கீழே உள்ளவற்றை வாசித்து, உங்களுடைய நோ எதற்குக் கிட்ட வருகிறது என்று பாருங்கள். தீர்ப்பு வைத்தியருடையது. இந்தக் குறிப்புகள் அவரிடம் சரியாகச் சொல்வதற்காக.

*தோளைச் சுற்றிய தசைநார்கள்.* மேற்கை எலும்பின் தலையைக் குழிக்குள் பிடித்து வைத்திருப்பவை நான்கு சிறிய தசைகளும் அவற்றின் நார்களும். கையைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிச் செய்யும் வேலையில் இவை தேய்ந்து நோகும். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறக்குறைய 60 பாகை முதல் 120 பாகை வரைக்கும் கடுமையாக நொந்து, அதற்கு மேலே போனதும் நோ குறைந்தால் இந்தத் தசைநார்களைச் சந்தேகிக்கலாம். நோ பெரும்பாலும் மேற்கையின் வெளிப்பக்கத்தில் இருக்கும்.

*உறைந்த தோள்.* மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதால் வருவது. அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் ஏர்னெஸ்ட் கொட்மன் 1934இல் இந்தப் பெயரை வைத்தார். சித்த வைத்தியர்கள் இதைக் கும்பவாதத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். 40 முதல் 60 வயது வரையானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம் வருகிறது. நூறு பேரில் 2 முதல் 5 பேருக்கு வாழ்நாளில் வரக்கூடிய இந்த நோய், நீரிழிவு உள்ளவர்களுக்குப் பல மடங்கு கூடுதலாக வருகிறது. இதற்கு ஒரு தெளிவான அடையாளம் உண்டு: நீங்களாக மட்டுமல்ல, இன்னொருவர் பிடித்து உயர்த்தினாலும் கை போகாது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பினால் மற்றக் கை போகுமளவு இது போகாது. முதலில் நோ கூடும், பிறகு இறுக்கம் கூடும், கடைசியில் மெல்ல இளகும். இந்த மூன்று கட்டமும் முடிய ஒன்று முதல் மூன்று வருடம் வரை எடுக்கலாம். தோள் உறைந்தவர் எவரும் சீனி வருத்தம் இருக்கிறதா என்று இரத்தம் சோதிக்க வேண்டும். சிலருக்கு நீரிழிவு இருப்பதே தோள் நோவுக்குப் போன இடத்தில்தான் தெரியவரும்.

*கழுத்து நரம்பு.* கழுத்தெலும்புகளுக்கு நடுவே புறப்படும் நரம்பு வேர் நசிபட்டால் கழுத்திலிருந்து கைக்கு மின்சாரம் பாய்வதுபோல் நோ இறங்கும். ஆறாவது வேரென்றால் பெருவிரல் பக்கம், ஏழாவதென்றால் நடுவிரல், எட்டாவதென்றால் சின்னவிரல் பக்கம் விறைக்கும். கழுத்தைத் திருப்பினாலோ பின்னுக்குச் சாய்த்தாலோ கூடும். உள்ளங்கையைத் தலையில் வைத்தால் சிலருக்குக் குறையும். அப்படிக் குறைந்தால் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

*மணிக்கட்டிலும் முழங்கையிலும் நசிபடும் நரம்புகள்.* இரவு நித்திரையில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து எழுப்புகிறது, கையை உதறினால் சுகமாகிறது என்றால் மணிக்கட்டுக் குகையில் நரம்பு நசிபடுகிறது. இந்த உழைவு தோள் வரைக்கும் ஏறலாம். கர்ப்பிணிகளுக்கும், தைரொயிட் குறைந்தவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் அதிகம். சின்னவிரலும் மோதிரவிரலின் பாதியும் விறைத்தால் முழங்கையின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அந்த விரல்கள் மடங்கத் தொடங்கி, தோலில் உணர்வற்ற வெளிறிய தேமலும் இருந்தால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். அது மருந்தால் முற்றாக மாறும். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பிந்தினால் மட்டுமே விரல் ஊனமாகும்.

*முழுஉடல் நோய்கள்.* காலையில் எழும்பியதும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இறுக்கம், இரண்டு கையின் சிறு மூட்டுகளிலும் வீக்கம் என்றால் மூட்டுவாதம். 50 வயதைக் கடந்தவருக்கு இரண்டு தோளும் இடுப்பும் ஒன்றாக இறுகினால் வேறொரு வகை வாதம். சிக்குன்குனியாக் காய்ச்சல் வந்து போனபின்னும் மாதக்கணக்கில் மூட்டுகள் நோகும். பித்தப்பைக் கல் வலது தோள்பட்டையில் நோவாகத் தெரியும்.

வன்னியில் மறக்காமல் சொல்ல வேண்டியவை

பொதுவான மருத்துவ நூல்கள் கேட்காத சில கேள்விகளை இங்கே கேட்டாக வேண்டும்.

உடம்பில் செல் துண்டோ சன்னமோ இருக்கிறதா? 2009இல் முடிந்த போரில் பட்ட காயம் ஆறி, தழும்பும் மங்கியிருக்கும். துண்டு உள்ளேயே இருக்கலாம். அது எல்லோருக்கும் தீங்கு செய்வதில்லை. பலருக்கு ஆயுள் முழுவதும் சும்மா கிடக்கும். ஆனால் நரம்புக்குக் கிட்டவோ மூட்டுக்குள்ளேயோ இருந்தால், பல வருடம் கழித்தும் நோவைத் தரலாம், சீழ் கட்டலாம். மூட்டுக்குள் தங்கிய ஈயச் சன்னம் கரைந்து இரத்தத்தில் ஈயத்தைக் கூட்டலாம். எங்கே காயம்பட்டது, துண்டு எடுக்கப்பட்டதா என்பது தெரிந்த அளவுக்குச் சொல்லுங்கள். காயம் எப்படி வந்தது, அப்போது யார் கூட இருந்தார் என்பதெல்லாம் சொல்லக் கட்டாயமில்லை. வைத்தியருக்குத் தேவை இடமும் காலமும் மட்டுமே.

ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ நடமாடுகிறீர்களா? கால் செய்ய வேண்டிய வேலையைத் தோள் செய்கிறது. சக்கர நாற்காலியைத் தள்ளுபவர்களுக்குத் தோள் தேய்வது நன்கு அறியப்பட்ட பிரச்சினை. ஊன்றுகோலின் மேல்முனை அக்குளை அழுத்தினால் அங்குள்ள நரம்பு நசிந்து மணிக்கட்டு தொங்கிவிடும். அக்குளுக்கும் கோலுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். பாரம் கைப்பிடியில் இறங்க வேண்டும், அக்குளில் இறங்கக் கூடாது. கோலின் உயரத்தை இயன்மருத்துவப் பிரிவில் சரிபார்க்கலாம். செயற்கைக் கால் பொருந்தாமல் ஊன்றுகோலுக்குத் திரும்பியவர்கள், யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் காலைச் சீர்செய்தால் தோளும் தப்பும்.

ஒரு கையை இழந்தவரா? மிஞ்சிய கை இரண்டு கையின் வேலையையும் சுமக்கிறது. அது நோவது சோம்பலுமல்ல, பலவீனமுமல்ல. இல்லாத கையில் நோ தெரிவதும் உண்மையான நோதான், மனப்பிரமை அல்ல. சென்னையில் மருத்துவம் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன் 1990களில், இருக்கிற கையைக் கண்ணாடியில் பார்த்து அசைக்கும் பயிற்சியை இதற்காக உருவாக்கினார். எல்லோருக்கும் பலன் தராவிட்டாலும் செலவில்லாதது. இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் தொழில் என்ன? "வீட்டில சும்மா இருக்கிறன்" என்று சொல்லாதீர்கள். தண்ணி தூக்குவது, தேங்காய் திருவுவது, இடியப்பம் பிழிவது, விறகு கொத்துவது எல்லாம் தோளின் வேலை. மண்வெட்டி பிடிப்பவர், முதுகில் டாங்கி சுமந்து மருந்தடிப்பவர், லாண்ட்மாஸ்டர் ஓட்டுபவர், ஆடைத் தொழிற்சாலையில் தைப்பவர், கண்ணிவெடி அகற்றும் வேலையில் நாள் முழுவதும் குனிந்திருப்பவர் ஆகியோருக்கு நோ வரும் இடங்கள் வெவ்வேறு. எந்த அசைவை எத்தனை மணித்தியாலம் செய்கிறீர்கள் என்று சொன்னால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு கொப்பி வாங்குங்கள்

2009 ஜனவரியில் கிளிநொச்சி வைத்தியசாலை இடம்பெயர்ந்து தர்மபுரத்தில் இயங்கியது. பிறகு அங்கிருந்தும் கிழக்கே நகர்ந்தது. அந்த நாட்களில் காயப்பட்டவர்களில் பலரிடம் எந்தச் சத்திரசிகிச்சை நடந்தது, எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று சொல்லும் ஒரு துண்டுக் கடதாசிகூட இன்று இல்லை. போன பதிவை மீட்க முடியாது. இன்றிலிருந்து புதிய பதிவைத் தொடங்கலாம்.

நாற்பது பக்கக் கொப்பி போதும். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடமோ பேரப்பிள்ளையிடமோ சொல்லி எழுதுவிக்கலாம். முதல் பக்கத்தில் இவை இருக்கட்டும்:

1. பெயர், வயது, வலக்கைப் பழக்கமா இடக்கைப் பழக்கமா.
2. நோ எப்போது தொடங்கியது. விழுந்தா, பாரம் தூக்கியா, தானாகவா.
3. எந்த இடம். ஒரு மனித உருவம் கீறி, நோகிற இடத்தை நிறந்தீட்டலாம். விறைக்கிற இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டலாம்.
4. எப்படியான நோ: குத்துதா, எரியுதா, உழையுதா, விறைக்குதா, மின்சாரம் மாதிரி இழுக்குதா.
5. எதில் கூடுகிறது, எதில் குறைகிறது. இரவில் எத்தனை தரம் எழுப்புகிறது.
6. செய்ய முடியாமல் போன மூன்று வேலைகள்.
7. மற்ற வருத்தங்கள்: நீரிழிவு, பிரசர், தைரொயிட், சிறுநீரகம், வயிற்றுப்புண். மருந்து ஒவ்வாமை.
8. பழைய காயங்கள், உடம்பிலுள்ள உலோகம்.
9. இதுவரை எடுத்த மருந்து, ஊசி, எண்ணெய், கட்டு. பலன் இருந்ததா இல்லையா.

அடுத்த பக்கங்களில் நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: பூச்சியம் முதல் பத்து வரை நோவின் அளவு, அன்று செய்த வேலை, நித்திரை. இரண்டு கிழமை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய வரும்.

வெளிநோயாளர் பிரிவில் சனம் நிறைந்த நாளில் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடம். "தோள் நோகுது டொக்டர்" என்று மட்டும் சொன்னால் நோக்குளிசைதான் கிடைக்கும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டொக்டர், எனக்கு நாலு மாதமா வலது தோள் நோகுது. விழேல்ல. கையைப் பின்னுக்குக் கொண்டுபோகேலாது, வேற ஆள் பிடிச்சு உயர்த்தினாலும் வருகுதில்லை. இரவில கூட. எனக்கு சீனி இருக்கு. ரெண்டு மாதம் குளிசை போட்டும் மாறேல்ல." இதற்கு அரை நிமிடம் போதும். இதைக் கேட்ட வைத்தியர் மேசையை விட்டெழும்பி வந்து கையை அசைத்துப் பார்ப்பார்.

எங்கே போவது, எந்த ஒழுங்கில்

*முதற்படி: தர்மபுரம் வைத்தியசாலை.* வெளிநோயாளர் பிரிவில் தொடங்குங்கள். முதல் பரிசோதனை, ஆரம்ப மருந்து, மேலே அனுப்பும் கடிதம் மூன்றும் இங்கேதான். பெரிய வைத்தியசாலைக்கு நேரே போனால் அங்கும் வெளிநோயாளர் வரிசையில்தான் நிற்க வேண்டும். கடிதத்தோடு போனால் உரிய கிளினிக்குக்கு வழி திறக்கும். கொடுத்த மருந்துக்கு மூன்று நான்கு கிழமை பார்த்தும் குணமில்லையென்றால் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், "மாறேல்ல, கிளினிக்குக்கு எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. திரும்பிப் போகாமல் வேறொரு டிஸ்பென்சரிக்குப் போனால் கதை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

*இரண்டாம் படி: கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலை.* பரந்தன் சந்தி வழியாக பஸ்ஸில் போகலாம். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, இயன்மருத்துவம், நிபுணர் கிளினிக் இங்கே. விசுவமட்டுக்கு அப்பால் இருப்பவர்களுக்கு மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலை வசதியாக இருக்கலாம். ஆனால் ஒரு வழியைத் தெரிந்தெடுத்தால் அதையே தொடருங்கள். கிளினிக் நாள், தொடங்கும் நேரம் ஆகியவற்றை முதல் நாளே விசாரித்துக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

*மூன்றாம் படி: யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை.* நரம்பியல், மூட்டுவாதம், என்பியல் போன்ற சிறப்பு மருத்துவமும் கூடுதல் பரிசோதனைகளும் தேவைப்படும்போது அனுப்புவார்கள்.

எந்த நிபுணரிடம் போவது என்று குழம்புபவர்களுக்கு: எலும்பு, தசைநார், உள்ளே இருக்கும் உலோகத் துண்டு என்றால் என்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். பல மூட்டு வீக்கம், காலை இறுக்கம் என்றால் மூட்டுவாத நிபுணர். இலங்கையில் மூட்டுவாதமும் புனர்வாழ்வு மருத்துவமும் ஒரே துறை. ஆகவே நீண்டகால நோவுக்கும் அவர் பொருத்தமானவர். விறைப்பு, பலவீனம், தசை மெலிவு என்றால் நரம்பியல் நிபுணர்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் செலவு இருக்கிறது. ஆகவே போகும் ஒவ்வொரு தரமும் கிளினிக் கொப்பி, எழுதிய கொப்பி, பழைய எக்ஸ்ரே, குளிசை மட்டைகள் ஆகியவற்றை ஒரே பையில் கொண்டுபோங்கள். கையை இலகுவாக வெளியே எடுக்கக்கூடிய சட்டை போடுங்கள். தோளைப் பார்க்காமல் தோளைச் சோதிக்க முடியாது. பெண்கள் பெண் தாதி கூட நிற்க வேண்டுமென்று கேட்கலாம்.

எழும்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: "இது என்னவாக இருக்கலாம் என்று நினைக்கிறீங்கள்?" "அடுத்தது என்ன செய்ய வேணும்?" "எவ்வளவு நாளில குறைய வேணும், குறையாட்டி எப்ப வர வேணும்?" விடையைக் கொப்பியில் எழுதித் தரும்படியும் கேட்கலாம்.

பரிசோதனைகள் எதைக் காட்டும், எதைக் காட்டாது

எக்ஸ்ரே எலும்பையும், முறிவையும், சுண்ணாம்புப் படிவையும், செல் துண்டையும் காட்டும். தசைநாரையோ நரம்பையோ காட்டாது. உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். ஆகவே "எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை" என்றால் எலும்பில் கோளாறில்லை என்பதே பொருள், நோவில்லை என்பதல்ல.

அல்ட்ராசவுண்ட் ஸ்கான் தசைநார்க் கிழிவைக் காட்டும். நரம்புக் கடத்தல் பரிசோதனை மணிக்கட்டிலும் முழங்கையிலும் நரம்பு நசிபடுவதை உறுதி செய்யும். இரத்தத்தில் சீனி, தைரொயிட், அழற்சியின் அளவு, சிறுநீரகச் செயற்பாடு ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் மென்திசுக்களை நன்றாகக் காட்டும். ஆனால் அது வலுவான காந்தம். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால், குறிப்பாகக் கண்ணிலோ, மூளைக்குக் கிட்டவோ, பெரிய இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால், அது அசைந்து ஆபத்தை விளைவிக்கலாம். சூடாகலாம். படமும் கெடலாம். எம்.ஆர்.ஐ. எழுதும் வைத்தியரிடமும் எடுக்கும் உத்தியோகத்தரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், "எனக்குச் செல் காயம் பட்டது" என்று சொல்லுங்கள். உறுதியாகத் தெரியாதென்றால் அதையும் சொல்லுங்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 60 வயதைக் கடந்த, கொஞ்சமும் நோவில்லாத பலருக்கும் ஸ்கானில் தசைநார்க் கிழிவும் கழுத்தெலும்புத் தேய்வும் தெரியும். அறிக்கையிலுள்ள சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அது உங்கள் நோவோடு பொருந்துகிறதா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

காரணம் தெரியும் வரைக்கும் நோவோடு வாழ்வது

*மருந்து.* வேறு நோயில்லாத வளர்ந்தவர் பரசிற்றமோல் (பனடோல்) 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டுக்கு மேல் போடக் கூடாது. வேறு பெயரில் வரும் தடிமன் மருந்திலும் அதே பரசிற்றமோல் இருக்கலாம். டைக்குளோபெனக், இபுபுரோபன் வகைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிரசரைக் கூட்டும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தவர்கள் இரத்தம் சோதிக்காமல் இவற்றைத் தொடர்ந்து போடவே கூடாது. காய்ச்சலோடு இருக்கும்போதும் போடக் கூடாது. டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். கடையில் பிரித்துக் கடதாசியில் சுற்றித் தரும் பெயரில்லாத கலவைக் குளிசையில் ஸ்டீரொய்ட் இருக்கலாம். அது உடனே சுகம் தரும், பிறகு எலும்பையும் சீனியையும் கெடுக்கும்.

நரம்பு நோவுக்கு அமிற்றிப்ரிலின் போன்ற மருந்தைச் சிறிய அளவில் இரவில் தருவார்கள். மனநோய்க்கும் பாவிக்கும் மருந்து என்று கேள்விப்பட்டு நிறுத்தாதீர்கள். மூட்டுக்குள் போடும் ஸ்டீரொய்ட் ஊசி உறைந்த தோளின் தொடக்கத்தில் நோவைக் குறைக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள் சீனி கூடும், அதைக் கவனிக்க வேண்டும்.

*அசைவு.* நோகிறது என்று கையைக் கட்டித் தொங்கவிட்டால் மூட்டு இன்னும் இறுகும். கொட்மனின் பெயரால் அறியப்படும் எளிய பயிற்சி ஒன்று உண்டு. நல்ல கையை மேசையில் ஊன்றி முன்னுக்குக் குனியுங்கள். நோகிற கையைத் தளர்த்தித் தொங்கவிட்டு, முன்பின்னாகவும் சிறு வட்டமாகவும் ஆட்டுங்கள். ஒரு தரத்துக்கு இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று தரம். பிறகு சுவரில் விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏறலாம். பயிற்சிக்குப் பின் நோ அரை மணித்தியாலத்துக்குள் அடங்கினால் அளவு சரி. அடுத்த நாள் வரைக்கும் நின்றால் கூடிவிட்டது, குறையுங்கள்.

*நித்திரை.* நல்ல பக்கம் சரிந்து, நோகிற கைக்குக் கீழே ஒரு தலையணையை அணைத்துப் படுங்கள். மல்லாந்து படுப்பவர் முழங்கைக்குக் கீழே மடித்த சேலையை வைக்கலாம். விரல் விறைப்பவர்கள் இரவில் மணிக்கட்டு மடியாதபடி பட்டி கட்டிக்கொள்ளலாம்.

*வேலை.* குடத்தை அரைவாசி நிரப்பி இரண்டு தரம் எடுங்கள். 16 லீற்றர் டாங்கியை நிரப்பினால் பதினாறு கிலோவுக்கு மேல் தோளில் ஏறும், பாதியாக நிரப்புங்கள். உடுப்புக் கொடியையும் அடிக்கடி எடுக்கும் போத்தல்களையும் நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். தேங்காய் திருவுவதை வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் ஏற்கட்டும். தைப்பவர்கள் முழங்கை இடுப்பளவில் வரும்படி கதிரையை உயர்த்துங்கள். எந்த வேலையையும் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கையை உதறுங்கள்.

*சித்த வைத்தியமும் பரியாரியாரும்.* எண்ணெய் பூசுவதும் ஒத்தடமும் பலருக்கு இதம் தருகின்றன. அரச சித்த வைத்தியசாலைகளிலும் பதிவுபெற்ற வைத்தியர்களிடமும் போகலாம். ஆனால் முறிவோ கழுத்து நரம்பு நசிவோ இல்லையென்று தெரியும் முன்னர் இழுப்பது, நெட்டி முறிப்பது, கழுத்தைத் திருப்புவது வேண்டாம். உணர்வு குறைந்த கையில் சூட்டு ஒத்தடம் தோலைச் சுட்டுவிடும். குடிக்கும் மருந்து எடுத்தால் இரண்டு பக்க வைத்தியருக்கும் சொல்லுங்கள்.

"ஒன்றுமில்லை" என்று சொல்லப்பட்டால்

எல்லாப் பரிசோதனையும் செய்தும் பெயர் கிடைக்காமல் போகலாம். அப்போது நோவும் பொய், நீங்களும் பொய் என்று ஆகாது. நீண்ட காலம் நொந்த உடம்பில் நரம்பு மண்டலமே கூர்மையாகி, சிறு தொடுகையையும் நோவாக உணரும் நிலை உண்டு. நித்திரையின்மை, இழப்பின் துயரம், கடன், காணாமல் போனவருக்காகக் காத்திருப்பது எல்லாம் அந்த நோவைக் கூட்டும். வைத்தியர் மனதைப் பற்றிக் கேட்டால் அவர் உங்கள் நோவை நம்பவில்லை என்று எண்ணாதீர்கள். மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் போங்கள். தோளுக்கான சிகிச்சையும் கூடவே தொடர வேண்டும்.

புதிதாக விறைப்பு, பலவீனம், தசை மெலிவு, உடல் மெலிவு ஏதும் வந்தால் பழைய முடிவை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய "ஒன்றுமில்லை" இன்றைக்குச் செல்லாது.

வீட்டிலுள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியே காயமோ கட்டோ இல்லாத நோவைச் சந்தேகிப்பது இலகு. உங்கள் அம்மாவோ, அண்ணனோ, மனைவியோ கை உயரவில்லை என்று சொன்னால் நம்புங்கள், கிளினிக்குக்குக் கூடப் போங்கள். அங்கே அவர்கள் சொல்ல மறந்ததை நீங்கள் சொல்லலாம்.

தோள் நோவில் பெரும்பாலானவை காரணம் தெரிந்து சிகிச்சை பெற்றால் குறைபவை. உறைந்த தோள் இளகும், நசிபட்ட கழுத்து நரம்பு பலருக்குச் சில மாதத்தில் ஆறும், மணிக்கட்டு நரம்பைச் சிறு சத்திரசிகிச்சையால் விடுவிக்கலாம். மூன்று கிழமைக்கு மேல் நோகும் கையோடு இதை வாசிப்பவர்கள் இன்றைக்கே கொப்பியின் முதல் பக்கத்தை எழுதுங்கள். அடுத்த வேலை நாளில் அதை எடுத்துக்கொண்டு தர்மபுரம் வைத்தியசாலைக்குப் போங்கள்.